இனமா, ஏழ்மையா, நம் குறையா? சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து, இப்போதுதான் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இனப் பாகுபாடு என்று பேச்சு எடுத்தாலே அவர் வீட்டில் சண்டை. "வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நம்மை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள்" என்பார் தாத்தா. "படித்தால் எவன் தடுப்பான்? நம் ஆள்கள் தங்களைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள்" என்பார் அப்பா. தொழிற்சங்கத்தில் இருந்த மாமா, "இது முதலாளி தொழிலாளி பிரச்சினை, இனம் என்பதெல்லாம் திசைதிருப்பல்" என்பார். கூடப் படித்த மலாய் நண்பரோ, "எங்களுக்கான அரசுச் சலுகை இல்லாவிட்டால் எங்கள் கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) யாருமே மேலே வந்திருக்க மாட்டார்கள். தனியார் கம்பெனியில் வேலை கேட்டால் எங்களைத்தானே தள்ளிவிடுகிறார்கள்" என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி என்பது கேள்வி.

தம்பி, நால்வரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு இடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போகலாம், ஒரு பாட்டிக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வராமல் போகலாம், ஒரு குடும்பத்துக்கு வீடு போகலாம். மூன்றையும் "நம்மை ஒதுக்குகிறார்கள்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அந்த மூட்டையைப் பிரித்து, தடுத்தது எது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சட்டமே அப்படி இருக்கிறதா? சட்டம் சொல்லாததை ஓர் அதிகாரியோ முதலாளியோ தன் விருப்பத்துக்குச் செய்தாரா? காசு இல்லையா? காகிதம் இல்லையா? சட்டம் என்றால் அதை நாடாளுமன்றத்தில்தான் மாற்ற முடியும். ஆள் என்றால் மேல்முறையீடு இருக்கிறது. காகிதம் என்றால் பெரும்பாலும் நாள் கெடு இருக்கிறது, அந்தக் கெடுவுக்குள் முடிப்பது நம் கையில்தான் இருக்கிறது. தப்பான கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததால் போன உரிமைகள் தோட்டப்புறத்தில் ஏராளம்.

முதலில் தாத்தாவின் பேச்சு. அது வெறும் வருத்தப் பேச்சு இல்லை, வரலாற்றில் ஆதாரம் உள்ளது. ரப்பர்த் தோட்டத்தில் இனம் பார்த்துத்தான் வேலையும் கூலியும் பிரிக்கப்பட்டன. மேலே வெள்ளைக்கார துரை, அலுவலகத்தில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளுமான கிராணிமார் (எழுத்தர்கள்), கீழே கங்காணி கூட்டி வந்த தமிழ்த் தொழிலாளி. அதே பால்மரத்தைச் சீவிய சீனத் தொழிலாளியைவிடத் தமிழருக்குக் கூலி குறைவு. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சீனருக்குச் சமமான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனைக் கைதுசெய்தார்கள், இராணுவத்தை இறக்கினார்கள், தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "நம் ஆள்கள் குடித்துக் கெட்டார்கள்" என்று அப்பா சொல்லும்போது இதை அவரிடம் சொல்லுங்கள். கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் வைத்தது நிர்வாகம். அதை மூடச் சொல்லிப் போராடியவர்கள் தொழிலாளர்கள்.

பள்ளிக்கூடக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் தோட்டத்துக்கு ஒரு பள்ளி வந்தது. வந்தது தோட்ட நிலத்தில். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பள்ளிகள் கல்வி அமைப்புக்குள் வந்தபோதும் நிலம் தோட்டத்தின் பெயரிலேயே இருந்தது. ஆகவே ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், பாடத்திட்டம் அரசுடையது, கட்டடத்துக்கு மட்டும் கையேந்த வேண்டும். பகுதி உதவி பெறும் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறோம். தோட்டத்தை விற்றுவிட்டால் பிள்ளைகள் இடம்பெயர்ந்துவிடுவார்கள், பள்ளி மட்டும் யாருடைய நிலத்திலோ நின்றுகொண்டிருக்கும். இன்று நாட்டில் இருக்கும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பிரச்சினைக்கு வேர் இந்த நில உரிமைதான். பள்ளி வாரியத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மானியம் கேட்டு ஓடுவதைவிட, நிலத்தைப் பள்ளிக்கு ஒதுக்கீடு செய்ய மாநில அரசிடம் மனுப் போட்டுத் தொடர்ந்து விரட்டுவது நல்லது. நிலம் மாநில அரசின் அதிகாரம். அதைக் கூட்டரசு அமைச்சரிடம் போய்க் கேட்டுவிட்டு, "செய்கிறேன் என்று சொன்னார், செய்யவில்லை" என்று திரும்பி வருவது பல ஊர்களில் நடக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிந்திய இன்னொரு பிரிவினையைத் தாத்தாவின் தலைமுறை கண்ணால் பார்த்தது. 1956இல் தொடங்கிய ஃபெல்டா என்ற அரசு நில மேம்பாட்டு அமைப்பு, நிலமில்லாத கிராமத்துக் குடும்பங்களைக் குடியேற்றி, குடும்பத்துக்கு ஏறக்குறைய 10 ஏக்கர் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படி நிலம் பெற்றன. மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். தோட்டத் தொழிலாளியும் நிலமில்லாத கிராமத்து ஏழைதான். ஆனால் அவர் தனியார் நிலத்தில் வாழ்பவர் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுக் கணக்கில் அவர் வரவே இல்லை. சாலை, குழாய்த் தண்ணீர், மின்சாரம் எல்லாம் பக்கத்துக் கம்பம்வரை வந்து தோட்டத்துக் கேட்டில் நின்றன. இதைச் செய்தது "இந்தியருக்குக் கொடுக்காதே" என்ற சட்டம் இல்லை, "தனியார் நிலத்தில் அரசு பணம் போடாது" என்ற விதி. விதியில் இனம் எழுதப்படவில்லை. விளைவு மட்டும் ஓர் இனத்தின் தலையில் விழுந்தது. இனச் சமமின்மை என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது பெரும்பாலும் இப்படிப்பட்டதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு வெறுப்புக் கொண்ட மனிதர் ஒருவர்கூடத் தேவையில்லை. உங்கள் அப்பா "என்னிடம் எந்த மலாய்க்காரரும் கெட்டதாக நடந்ததே இல்லை" என்று சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கலாம், தாத்தா சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

இனி மாமா. அவர் சொல்வதற்கு உங்கள் ஊரே சாட்சி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, வாங்கியவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். வேலை போனது மட்டும் தொழிலாளிக்கு. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியதும் அதனால்தான். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அப்படித்தான் முதலில் கைக்கு வந்தது. பின்னால் எண்பதுகளிலிருந்து தோட்டங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது, அதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. மூன்று தலைமுறையாக உழைத்த குடும்பம் வேலையை இழக்கும் நாளிலேயே வீட்டையும், கோயிலையும், பள்ளியையும் இழந்தது. மற்ற தொழிலாளி வேலை போனால் வேலையை மட்டும் இழக்கிறார்.

இந்த இடத்தில் சட்டம் தெரியாமல் போனதால் நடந்த இழப்பு மனம் பொறுக்காதது, ஆகவே கணக்காகச் சொல்கிறேன். 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு ஒழுங்குமுறைப்படி, ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்துக்கு மேல் என்றால் 20 நாள். 23 ஆண்டு வேலை செய்தவருக்கு 460 நாள் சம்பளம் வரும். ஒரு நாள் சராசரி 65 ரிங்கிட் என்றால் 29,900 ரிங்கிட். வேலை நின்ற ஏழு நாளுக்குள் அது கைக்கு வந்தாக வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு எட்டு வார முன்னறிவிப்பும் உண்டு. தோட்டம் கைமாறும்போது, புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தர முன்வர வேண்டும். அப்படி வந்தால் பழைய சேவைக்காலம் தொடர்ந்து எண்ணப்படும். வராவிட்டால் இழப்பீட்டுக்குப் பழைய முதலாளி, புதிய முதலாளி இருவருமே பொறுப்பு.

எங்கே கோட்டை விடுகிறோம்? விற்பனைக்கு ஓராண்டு ஈராண்டு முன்பே தொழிலாளர்களைக் குத்தகைக்காரர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள். அதே மரம், அதே வேலை, அதே தண்டல் (மேற்பார்வையாளர்), சம்பளச் சீட்டில் பெயர் மட்டும் வேறு. பிறகு இழப்பீடு கேட்டால் "உன் சேவை இரண்டு வருஷம்தானே" என்பார்கள். இதை முறியடிக்கச் சேமநிதி வாரியம் தொழிலாளிக்குத் தரும் ஆண்டுக் கணக்குச் சீட்டுகள் போதும். எந்த மாதம் யார் சந்தா கட்டினார்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதிய தாளில், தொகை என்ன என்று தெரியாமல் கைநாட்டு வைக்கக் கூடாது. நியாயமில்லாமல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றால், தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். 61ஆம் நாள் போனால் வாங்க மாட்டார்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது, தலைவர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருந்தே இந்த 60 நாளைத் தொலைத்தவர்கள் அதிகம். பேச்சுவார்த்தை நடக்கட்டும், முறையீட்டை முதலில் பதிவு செய்யுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதி உதவிக்கும் அதே 60 நாள்தான் கெடு.

வீட்டுக்கு மட்டும் இப்படிப்பட்ட சூத்திரம் இல்லை. வேலை முடிந்தால் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதே பொதுவான நிலை. மாற்று வீடு பெற்ற தோட்டங்கள் பெரும்பாலும் கூட்டாக நின்று, காலி செய்வதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் வாங்கிய தோட்டங்கள். தனித்தனியாக உதவித்தொகை வாங்கிக்கொண்டு நான்கு குடும்பம் முதலில் கிளம்பிவிட்டால் மீதிப் பேருக்குப் பேரம் பேசும் பலம் போய்விடும். வாய்வாக்கு எதற்கும் உதவாது. எத்தனை வீடு, எந்த நிலத்தில், எந்தத் தேதிக்குள், யார் பெயரில் என்பது தாளில் இருக்க வேண்டும்.

இதுவரை மாமா சரி. அவர் சறுக்கும் இடம் வேறு. முதலாளி இனம் பார்ப்பதில்லை என்கிறார். முதலாளி நன்றாகவே பார்க்கிறார், எந்த இனத்தை மலிவாக வைத்துக்கொள்ள முடியும் என்று பார்க்கிறார். அன்று தமிழர். இன்று இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். இன்று நம் ஊர் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்களிடம் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் அது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் அவர்களுக்கும் உண்டு. 2020இல் நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை அமெரிக்கா எல்லையில் தடுத்து நிறுத்தியதே, அது கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில்தான். நம் பாட்டன் பட்ட அதே கடன், அதே லயம், அதே பயம் இது. அவர்களை நம் பிள்ளைகள் இளக்காரமாகக் கூப்பிடுவதையும், "வேலையைப் பறிக்க வந்தவன்" என்று பெரியவர்கள் பேசுவதையும் நிறுத்தாமல் நாம் இனச் சமத்துவம் பேசினால் யாரும் மதிக்க மாட்டார்கள். நமக்குள்ளேயே பெண் பார்க்கும்போது சாதி கேட்பதையும், நிறம் பார்ப்பதையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மலாய் நண்பரின் வாதத்துக்கு வருவோம், அதை மரியாதையோடு கேட்க வேண்டும். 1970இல் தீபகற்பத்தில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன. மலாய்க் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கம். நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ராக்கள் என்று சொல்லப்படும் மலாய்க்காரர், மற்றப் பூர்வகுடியினர் கையில் இருந்தது 2.4 விழுக்காடு. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின், 1971இல் வந்த புதியப் பொருளாதாரக் கொள்கை இரண்டு இலக்குகளை வைத்தது. இனம் பாராமல் வறுமையை ஒழிப்பது ஒன்று. இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்ற நிலையை உடைப்பது இன்னொன்று. பங்குடைமையில் 30 விழுக்காடு என்பது 1990க்கான குறி. அந்தக் குறியை எட்டவில்லை என்றாலும் 20 விழுக்காட்டை ஒட்டி வந்தார்கள், வறுமை வெகுவாகக் குறைந்தது, மலாய் மருத்துவரும் பொறியியலாளரும் ஊருக்கு ஊர் உருவானார்கள். இதை மறுத்துப் பேசினால் நண்பரிடம் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், மறுக்க நியாயமும் இல்லை.

அவரிடம் கேட்க வேண்டியது வேறு. முதல் இலக்கில் "இனம் பாராமல்" என்று எழுதியிருக்கிறதே, அது தோட்டத்துக் கேட்டுக்குள் ஏன் வரவில்லை? தொழிலைப் பொறுத்த இன அடையாளத்தை உடைப்பது என்றால், பால்மரமும் தமிழரும் என்ற அடையாளமும் அதில் அடங்கும் அல்லவா? தோட்டத் தமிழருக்குச் சலுகை இல்லை, நகரத்து மூலதனமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் விழுந்தோம். 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் சாலைகளில் ஹிண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் பேரணிக்காகத் திரண்ட பல்லாயிரம் பேரின் கோபம் இதுதான். ஏழை மலாய்க்காரருக்குக் கிடைத்ததைப் பறிக்கச் சொல்லி அவர்கள் வரவில்லை.

தனியார் வேலை பற்றி நண்பர் சொல்வதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. லீ ஹோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு பொருளியலாளர்கள் தகுதியில் ஒத்த சீனப் பெயர், மலாய்ப் பெயர் விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு ஐந்து மடங்குபோல் அதிகம் வந்தது. ஆக, அரசு வேலையில் நாம் உணர்வதை அவர் தனியார் வேலையில் உணர்கிறார். இரண்டு இடத்திலும் தமிழர் கூடுதலாகச் சிக்குகிறார் என்பது என் கருத்து.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதில் இரண்டு தரப்பிலும் குழப்பம் உண்டு. அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, அரசியலமைப்பே அனுமதித்த இடங்கள் தவிர மற்றவற்றில் இனம், மதம், வம்சம், பிறந்த இடம், பால் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் ஒதுக்கீடு செய்ய 153ஆவது பிரிவு அனுமதித்த இடங்கள் இவை: பொதுச்சேவைப் பதவிகள், உபகாரச் சம்பளம் உள்ளிட்ட கல்வி வசதிகள், வணிக உரிமங்கள். 1971இல் சேர்த்த ஓர் உட்பிரிவு பல்கலைக்கழக இடங்களையும் ஒதுக்க வழிசெய்தது. அதே 153, மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களைக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதைப் பலர் படிப்பதே இல்லை. 136ஆவது பிரிவு இன்னும் கூர்மையானது. கூட்டரசுச் சேவையில் ஒரே நிலையில் இருப்பவர்களை இனம் பாராமல் நடத்த வேண்டும் என்கிறது. சேர்ப்பதில் ஒதுக்கீடு இருக்கலாம், சேர்ந்த பிறகு பதவி உயர்வில் இனம் பார்ப்பதற்கு அரசியலமைப்பில் இடமில்லை. அரசு ஊழியரான நம்மவர்கள் மேல்முறையீட்டில் மேற்கோள் காட்ட வேண்டிய பிரிவு அது.

தனியார் துறைக்கு இந்த 8ஆவது பிரிவு பாயாது. "சீனருக்கு மட்டும்", "இந்தியர் வேண்டாம்" என்று வாடகை வீட்டு விளம்பரம் போடுபவரைத் தண்டிக்க நேரடிச் சட்டம் இல்லை. வேலையிடத்தில் மட்டும் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. 2023 ஜனவரி முதல், வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவுப்படி, பாகுபாடு பற்றிய பூசலை லேபர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் ஆள்பல இலாகா விசாரித்து உத்தரவு போடலாம். மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட்வரை அபராதம். குறை என்னவென்றால், வேலையில் சேர்ந்தவருக்குத்தான் அது. விண்ணப்பத்திலேயே கழித்துவிட்டால் போக இடமில்லை. புகார் செய்பவர் தேதி, சொன்ன சொல், கேட்ட சாட்சி, ஒரே வேலை செய்யும் மற்றவருக்குக் கிடைத்த சம்பளம் அல்லது வாய்ப்பு ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "என்னை ஒதுக்குகிறார்கள்" என்று மட்டும் சொன்னால் விசாரணை நகராது. இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கப்போவதாக 2018 செப்டம்பரில் அரசு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பரில் பின்வாங்கியது. டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் பெரிய பேரணியும் நடந்தது. சட்டம் மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மலாய் ஏழைகளின் அச்சத்தைத் தொடாமல் அது மாறாது.

அப்பா சொல்வதில் எனக்குப் பிடிக்காத தொனி உண்டு, ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நிற்கிறேன். காகிதம். தோட்டப்புறத்தில் நாடற்றவர்களாக நிற்கும் பலருடைய கதை பதிவில்லாத திருமணத்தில் தொடங்குகிறது. 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி ஊருக்கே சாப்பாடு போட்டாலும் பதிவில்லை என்றால் பதிவிலாகா அதைத் திருமணமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிலையில் பிறக்கும் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பெறும். தாய் வெளிநாட்டவர் அல்லது அவரிடமும் ஆவணமே இல்லை என்றால், தந்தை நீல அட்டை வைத்திருந்தும் பிள்ளை குடிமகன் ஆகாது. பிறப்புப் பத்திரத்தில் "குடிமகன் அல்லர்" என்று அச்சாகும். பள்ளி, மருத்துவமனைக் கட்டணம், தேர்வு, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரு வரியில் சிக்கும். பின்னால் பெற்றோர் பதிவு செய்துகொண்டாலும் பழைய பிறப்புப் பத்திரம் தானாகத் திருந்துவதில்லை. பிள்ளை சட்டம் சொல்லும் வயது வரம்பைத் தாண்டுவதற்குள் அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் மனுச் செய்ய வேண்டும். அது உள்துறை அமைச்சின் விருப்பத்தைப் பொறுத்தது, பல ஆண்டு இழுக்கும்.

ஆகவே, திருமணத்துக்கு முன் பதிவிலாகாவில் மனுக் கொடுத்து 21 நாள் காத்திருந்து பதிவு செய்யுங்கள். கோயில் சடங்கை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு. தாண்டினால் தாமதப் பதிவு, சாட்சி, நேர்காணல் என்று அலைச்சல். 12 வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும், 18இல் மாற்ற வேண்டும்.

வயதானவர்களுக்கு வேறு வழி. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர்வரை இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அந்த வயதுப் பாட்டி நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோடு இருந்தால், மனுப்படிவம் நிரப்புவதற்கு முன் அவர் இங்கே பிறந்ததற்கான சான்றைத் தேடுங்கள். தோட்டத்து மருத்துவச்சிக் குறிப்பு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, அம்மைத் தடுப்பூசி அட்டை, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, அண்ணன் தம்பியின் பிறப்புப் பத்திரம் எதுவானாலும் உதவும். சான்று கிடைக்காதவர்கள் இயல்புரிமைக் குடியுரிமை கேட்கிறார்கள். அதில் மலாய் மொழி நேர்காணல் உண்டு. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் தமிழ் பேசியே உழைத்த மூதாட்டிகள் விழுந்தது அங்கேதான். 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டைக்காரர்கள் சிலருக்குக் குடியுரிமை தர 2018இல் அரசு முடிவெடுத்தது. எல்லாருக்கும் அது எட்டவில்லை. இங்கே காகிதக் குறை நம்முடையது. அதை மன்னிக்காமல் இறுக்கிப் பிடிப்பது அலுவலகத்தின் குறை.

போலீஸ் காவல் பற்றி ஒரு பத்தி போதும். காவலில் இறப்போரில் மலாய்க்காரரே எண்ணிக்கையில் அதிகம் என்று அதிகாரிகள் சொல்வது உண்மை. மக்கள்தொகையில் 7 விழுக்காட்டுக்கும் குறைந்த இந்தியரின் பங்கு அங்கே அதைவிட உயர்ந்திருப்பதும் உண்மை. 2009இல் ஏ. குகன் என்ற இளைஞர் போலீஸ் காவலில் இறந்தபோது நாடே இதைப் பேசியது. பையன்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவு: கைதுக்குக் காரணம் கேட்கலாம், குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் போன் செய்யக் கேட்கலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் தடுப்புக்காவல் நீட்டிப்பு நேரத்தில் இலவசமாக வருவார். மாஜிஸ்திரேட்டிடம் அடிபட்டதைச் சொல்ல அதுதான் முதல் சந்தர்ப்பம், அதை விட்டுவிடக் கூடாது.

கடைசியாக உங்கள் சொந்த விஷயம், தம்பி. பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராவுக்கு. இது வெளிப்படையான இன ஒதுக்கீடு, இதை வேறு பெயரில் அழைக்கத் தேவையில்லை. 2024இலிருந்து பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் என்றார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் தோட்டப்புறப் பள்ளியில் பத்துப் பாடம் எடுக்கவே வசதியில்லாத, எட்டு ஏ வாங்கிய பிள்ளைக்கு அது உதவாது. மெட்ரிகுலேஷன் ஓராண்டு, ஆறாம் படிவத்தில் எடுக்கும் எஸ்.டி.பி.எம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. தேர்வு முறையும் வேறு. இரண்டு மதிப்பெண்ணையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை என்ற குறைக்கு இதுவரை நல்ல பதில் வரவில்லை.

அதற்காக ஆறாம் படிவத்தைத் தாழ்வாக நினைத்து, கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓட வேண்டாம். ஆறாம் படிவத்துக்கு இன ஒதுக்கீடு இல்லை, செலவும் மிகக் குறைவு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். நம் பிள்ளைகள் அந்தப் பத்தில்தான் வழுக்குகிறார்கள். தோட்டத்துப் பஸ் போய்விடும் என்று மதியமே வீட்டுக்குக் கிளம்பிவிடுவதால் சீருடை இயக்கத்தில் பதவி இல்லை, மாவட்டப் போட்டிச் சான்றிதழ் இல்லை. முதல் பருவத்திலேயே ஓர் இயக்கம், ஒரு விளையாட்டு, ஒரு கழகம் என்று பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சான்றிதழிலும் நிலை, பதவி, ஆண்டு, பள்ளி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூவெட் என்ற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வைக் கடைசிப் பருவம்வரை தள்ளாதீர்கள், மறுபடி எழுத வாய்ப்பிருக்காது. விண்ணப்பத்தில் பன்னிரண்டு இடத்தையும் மருத்துவம், சட்டம் என்றே நிரப்பினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். போன ஆண்டின் தகுதி மதிப்பைப் பார்த்து, எட்டக்கூடியதையும் கலந்து போடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டு நாள்கள் மிகச் சில. முடிவு வரும் அன்றைக்கே இணையத்தில் பதிவு செய்யுங்கள், பதிவுச் சீட்டை அச்செடுத்து வையுங்கள். வட்டார நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போவதாக இருந்தாலும் அந்தச் சீட்டோடு போனால்தான் அவர்கள் எழுதித் தர முடியும்.